அணுவுக்கு வாத்தியார் கிடைப்பாரா?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



வேலைவாய்ப்பு விளம்பரம் கையில் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? 'டிப்ளமோ' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுவோம். இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அப்படிப் புரட்டிய பக்கங்களில் எப்போதாவது ஒரு வரி வரும். "உதவிப் பேராசிரியர், அணுப் பொறியியல். கதிரியக்க ஐசோடோப்பு ஆய்வில் அனுபவம் விரும்பத்தக்கது." அது பி.எச்டி. முடித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த வருஷம் அதைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். நோண்ட நோண்ட அது நம்ம ஊர்க் கரிமூட்டம் வரைக்கும் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரிமூட்டம் என்றதும் சிரிக்காதீர்கள். திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர். நமக்கு அது குண்டாறும், கண்மாயும், கண்மாய்க்குள்ளேயே காடாய் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவையும்தான். மழை ஏமாற்றிய வருஷம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் நம் வகுப்பிலேயே எத்தனையோ! அந்தக் கரித்துண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிறது. அதில் ஏறத்தாழ லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று கார்பன்-14. இதுதான் கதிரியக்கம் உள்ள வகை. மரத்தை வெட்டியதும் புதுக் கார்பன் உள்ளே வருவது நின்றுபோகும். உள்ளே இருக்கிற கார்பன்-14 மட்டும் மெல்லமெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். 5730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். இதைத்தான் அரை ஆயுள் என்கிறோம். நேற்று வெட்டிய வேலிக்கருவையில் ஒரு கிராம் கார்பனை எடுத்தால் நிமிடத்துக்குப் பதின்மூன்று பதினாலு அணுக்கள் சிதையும். அதுவே 2600 வருஷப் பழைய கரி என்றால் சுமார் 73 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த 2600 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. நம்மூரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் கீழடி. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியின் வயது கி.மு. 580 என்று தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. தமிழ்நாடே அதைப் பேசியது. ஆனால் அந்தக் கரியை எங்கே கொடுத்து வயது பார்த்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில் உள்ள பீட்டா அனலிட்டிக் என்ற ஆய்வகத்தில்! 2021இல் பேசப்பட்ட சிவகளை நெல்லுக்கும் அங்கேதான் வயது பார்த்தார்கள். நம்ம மண்ணில் எடுத்த கரி கடல் தாண்டிப் போய்த் தன் வயதைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறது.

நம் நாட்டில் ஆய்வகமே இல்லையா என்றால், உண்டு. 1960களிலேயே பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் கார்பன் வயதுக் கணிப்பு நடந்தது. பிறகு ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்தது. இன்றைக்கு டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி மையத்தில், அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி எந்திரமே இருக்கிறது. அது வேலை செய்கிற விதம் நமக்குப் பிடிக்கும். கரியை சுத்தப்படுத்தி, அயனியாக்கி, உயர் மின்னழுத்தத்தில் ஓடவிட்டு, நடுவே காந்தத்தை வைப்பார்கள். கனமான அணு குறைவாக வளையும், லேசானது அதிகமாக வளையும். கார்பன்-12 ஒரு பாதையில் போகும், கார்பன்-14 வேறு பாதையில் போகும். எண்ணிவிட வேண்டியதுதான். சிதையட்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் நம்ம வேம்பக்கோட்டைக் கரியைப் பக்கத்திலேயே பார்க்கத் தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏன் இப்படி ஒன்று அமையக்கூடாது? பணம் ஒரு காரணம், சரி. ஆனால் எந்திரம் வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது. சொல்லிக்கொடுக்கவும் ஓட்டவும் ஆள் வேண்டுமே!

இங்கேதான் நாம் புரட்டிவிட்டுப் போகிற அந்த விளம்பரம் வருகிறது.

அணுத்துறைக்கு ஆள் வேண்டும் என்று ஹோமி பாபா பல்கலைக்கழகங்களை நம்பிக் காத்திருக்கவில்லை. 1957இலேயே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார். பொறியியல் பட்டதாரிகளையும் அறிவியல் முதுகலை முடித்தவர்களையும் தேர்வு வைத்து எடுத்து, ஒரு வருஷம் உதவித்தொகையோடு படிக்கவைத்து, நேராக விஞ்ஞான அதிகாரி வேலை கொடுப்பது. நாட்டுக்கு அது பெரிய லாபம். உலைகளைக் கட்டியது அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு? கெட்டிக்கார மாணவன் படிப்பை முடித்ததும் டிராம்பேக்கோ கல்பாக்கத்துக்கோ போய்விடுவான். அங்கே நிலையான வேலையும், குடியிருப்பும், கையில் நிஜமான உலையும் இருக்கும்போது, கரும்பலகையும் சாக்பீஸும் மட்டும் இருக்கிற துறைக்கு யார் வருவார்கள்?

2005இல் ஹோமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எல்லாம் அதன் உறுப்பு. அங்கே விஞ்ஞானிகளே பேராசிரியர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதிலும் வாத்தியார் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறார், வெளியே வரவில்லை.

வெளியே இருக்கிற கல்லூரி என்ன செய்யும்? விதிப்படி பொறியியலில் உதவிப் பேராசிரியர் ஆக இளநிலை, முதுநிலை இரண்டு பட்டமும் வேண்டும், இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும். அணுப் பொறியியலில் முதுநிலை நடத்தும் இடங்களோ கான்பூர் ஐ.ஐ.டி. போல விரல்விட்டு எண்ணக்கூடியவை. பட்டம் பெற்றவன் இல்லாமல் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாமல் பட்டம் பெற்றவன் இல்லை. கோழியா முட்டையா கதைதான். அதனால்தான் விளம்பரத்தில் 'அல்லது அதற்கு இணையான துறை' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். இயந்திரவியல்காரர் உலையின் வெப்பக் கடத்தலை நடத்துவார். வேதிப் பொறியியல்காரர் எரிபொருளை நடத்துவார். இயற்பியல்காரர் நியூட்ரானை நடத்துவார்.

இது சமாளிப்பு என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அணுமின் நிலையமும் அடிப்படையில் நாம் படிக்கிற பாய்லர், டர்பைன், கன்டென்சர்தான். ஒரு வித்தியாசம் மட்டும் பயங்கரமானது. நிலக்கரி பாய்லரில் நெருப்பை நிறுத்தினால் சூடு அடங்கும். உலையை நிறுத்தினாலும், அந்த நொடியில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் வந்துகொண்டே இருக்கும். பிளவுபட்ட துண்டுகள் தொடர்ந்து சிதைவதால் வருகிற சூடு அது. 2011இல் ஃபுகுஷிமாவில் உலைகள் நின்றுதான் போயின. அந்த மிச்சச் சூட்டை ஆற்ற பம்ப் ஓடாததால்தான் வினை வந்தது. இதை விளங்கவைக்க ஒரு நல்ல இயந்திரவியல் வாத்தியாரே போதும்.

ஆனால் ஐசோடோப்பு ஆய்வு அப்படி இல்லை. ஆளை எடுத்துவிட்டு அறையைக் காட்டி 'வேலையைத் தொடங்குங்க சார்' என்று சொல்ல முடியாது. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்று தகுதி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். கதிர் மூலத்தோடு வேலை செய்கிற ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு அளவி வில்லை குத்தியிருக்க வேண்டும். சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1தான். இத்தனையும் சரியாக இருந்தால்தான் மூலம் கைக்கு வரும். உயிரியல் ஆய்வுக்கான பாஸ்பரஸ்-32 என்றால் பரவாயில்லை, அதன் அரை ஆயுள் 14 நாள் சொச்சம்தான். ஐந்து மாதம் பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கோபால்ட்-60 அப்படி விட்டுவிடாது.

விட்டுவிடாது என்பதற்கு 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து காமாசெல் 220 என்ற கருவியை வாங்கியது. உள்ளே கோபால்ட்-60, சுற்றிலும் கனத்த ஈயக் கவசம். பொருள்களுக்குக் காமாக் கதிர் காட்டி ஆராய்வதற்கானது. 1980களின் நடுவிலிருந்து அது ஓடவில்லை. ஒரு மூலையில் கிடந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம்! 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சாமானாக அதையும் ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புக்கடைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். அவர்களுக்கு அது ஈயம். ஈயத்துக்கு விலை உண்டு. உடைத்தார்கள், உரித்தார்கள். உள்ளே இருந்த பளபளப்பான உலோகத் துண்டுகள் கைமாறின. ஏப்ரலில் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். தோல் கருத்து, முடி கொட்டி, வாந்தி, வயிற்றோட்டம். ஒருவர் இறந்தே போனார். உலக அளவுகோலில் இது 4ஆம் நிலை விபத்து. செர்னோபில் 7. ஒழுங்குமுறை வாரியம் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டது, கதிர் மூலங்களைப் பயன்படுத்தவும் தடை போட்டது.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருஷம். நாற்பத்திரண்டு வருஷம் என்று வைத்தால் எட்டு அரை ஆயுள். இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. அதாவது வாங்கியபோது இருந்ததில் 256இல் ஒரு பங்குதான் மிச்சம். அந்த ஒரு பங்குதான் ஒரு மனுஷன் உயிரை எடுத்தது.

இதைப் பாதுகாப்புக் குறைபாடு என்று எழுதுவார்கள். என்னைக் கேட்டால், இது ஆள் எடுக்காத கதையும்கூட. ஐசோடோப்பு தெரிந்த ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்றால், அந்த இடத்தை நிரப்பும்போது அவர் பாடத்தை நடத்த ஆள் தேடினால் மட்டும் போதாது, அவர் அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். பதிவேட்டில் வெறும் 'கருவி ஒன்று' என்று மட்டும் இருந்தால் இருபது வருஷம் கழித்து ஸ்டோர் கீப்பருக்கு என்ன தெரியும், பாவம்! நம்மூரிலும் பழைய இரும்புக்கடைகள் இருக்கின்றன, தள்ளுவண்டியில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி போட்ட தகடு ஒட்டிய எதையும் யாரும் உடைக்கக்கூடாது. இதை நம் வீட்டில், தெருவில் சொல்லி வைப்பது நல்லது.

சரி, இதில் நமக்கு எங்கே இடம்? இருக்கிறது நண்பர்களே, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே.

பாபா மையம், கல்பாக்கம், அணுமின் கழகம் மூன்றும் அவ்வப்போது 'உதவித்தொகைப் பயிற்சியாளர், முதல் பிரிவு' என்று ஆள் எடுக்கின்றன. அது டிப்ளமோவுக்கும் பி.எஸ்சி.க்கும் உரியது. குறைந்தது 60 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். அரியர் வைத்துக்கொண்டு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு வருஷம் பயிற்சி, அப்புறம் விஞ்ஞான உதவியாளர் பணி. நான் மேலே சொன்ன முடுக்கியின் வெற்றிடப் பம்ப், குளிர்நீர்க் குழாய், உயர் மின்னழுத்தப் பெட்டி இதையெல்லாம் பி.எச்டி. முடித்தவரா தினமும் பார்ப்பார்? பல்கலைக்கழகங்களிலும் 'தொழில்நுட்ப உதவியாளர்' பணியிடம் வரும். பேராசிரியர் விளம்பரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், பக்கத்தைப் புரட்டும் முன் பாருங்கள்.

இன்னொன்று வெல்டிங். நம் ஒர்க்ஷாப்பில் பற்றவைத்த தையலின் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் தெரியாது. திருச்சி பெல் நிறுவனம் போல பாய்லர் கட்டுகிற இடங்களில் அதைப் படமெடுத்துப் பார்ப்பார்கள். குழாயின் ஒரு பக்கம் இரிடியம்-192, மறு பக்கம் பிலிம். ஓட்டை உள்ள இடத்தில் கதிர் அதிகம் புகும், பிலிமில் கறுப்பாக விழும். இந்த வேலை செய்பவருக்கு ரேடியோகிராபர் சான்றிதழ் கட்டாயம். அதற்கு பாபா மையம் வகுத்த பயிற்சியும் தேர்வும் உண்டு. முதல் நிலை முடித்தவர் கருவியை இயக்கலாம், இரண்டாம் நிலை முடித்தவர் தளத்தின் பாதுகாப்புக்கே பொறுப்பேற்கலாம்.

அங்கே தினசரி வேலையே அரை ஆயுள் கணக்குதான். இரிடியம்-192க்கு 74 நாள். இன்றைக்கு 40 கியூரி என்றால் 74 நாள் கழித்து அது 20 ஆகியிருக்கும். அதே தையலுக்கு அதே கறுப்பு வேண்டுமென்றால் இரண்டு மடங்கு நேரம் வைக்க வேண்டும். தூரத்துக்கு வேறு கணக்கு. ஒரு மீட்டரில் நிற்பவன் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் வாங்குகிற கதிர் பாதியாகாது, கால்வாசியாகும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. முதலாண்டு இயற்பியலில் நாம் தூங்கி வழிந்த அந்த இருமடி எதிர்விகித விதிதான், இங்கே கயிறு கட்டி எல்லை போடுவது அதை வைத்துத்தான்.