கிவிப் பழமும் வேலியோரக் கொய்யாவும்

அண்மைக் காலமாகக் கிவிப் பழம் பற்றிய பேச்சு எமது கிராமங்களிலும் கேட்கின்றது. நகரக் கடைகளில் அப்பிள், தோடம்பழங்களுக்குப் பக்கத்தில் அது அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றது. நோயாளியைப் பார்க்கச் செல்வோரும் இதனை வாங்கிச் செல்கின்றனர். "பிள்ளைக்குச் சத்துக் காணாது என்கிறார்கள், கிவி வாங்கிக் கொடுப்போமா?" என்று தாய்மார் எம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. நிவாரண அரிசியிலும் மாவிலும் பல ஆண்டுகள் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குச் சத்து என்ற சொல் சிறிய சொல் அல்ல. ஆகவே, இப்பழம் எங்கிருந்து வந்தது, அதில் உள்ளது என்ன, எமது உணவில் அதற்கு இடம் உண்டா என்பவற்றை இங்கு நோக்குவோம்.

சீனக் காட்டிலிருந்து உலகச் சந்தைக்கு

கிவியின் தாயகம் சீனா. அங்கு மலைக் காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் கொடியாக அது வளர்ந்தது. குரங்குகள் விரும்பித் தின்றதால் சீனர் அதனைக் குரங்குப் பழம் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். நியூசிலாந்தின் வங்கநூயி நகரில் பெண்கள் கல்லூரி ஒன்றின் அதிபராக இருந்த இசபெல் பிறேசர், சீனாவின் யீச்சாங் நகரில் மிஷன் பணியில் இருந்த தமது சகோதரியைப் பார்த்துத் திரும்பும்போது, 1904ஆம் ஆண்டில் அதன் விதைகளைக் கொண்டு வந்தார். 1910 அளவில் அக்கொடிகள் நியூசிலாந்தில் முதன்முதலாகக் காய்த்தன. பின்னர் ஹேவேட் றைற் என்ற நாற்றுமேடைக்காரர் பெரிய காய் தரும் நல்ல இனமொன்றைத் தெரிந்தெடுத்தார். உலகெங்கும் இன்று பயிரிடப்படும் பச்சைக் கிவியிற் பெரும்பகுதி அந்த இனமே.

1959இல் இதனை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த வணிகர், தமது நாட்டுப் பறவையின் பெயரையே பழத்துக்கும் சூட்டினர். மயிரடர்ந்த மண்ணிறத் தோலில் பறவைக்கும் பழத்துக்கும் ஒற்றுமை உண்டு. காட்டில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பழம், விவசாயியின் தெரிவாலும் பராமரிப்பாலும் வணிகர் சூட்டிய புதுப்பெயராலும் விலை உயர்ந்த பழமாயிற்று. கிவிக் கொடி ஓய்வெடுப்பதற்குக் குளிர்காலம் வேண்டும். எமது வரண்ட வலய வெயிலில் அது பயன் தராது. எனவே அது எமக்கு இறக்குமதிப் பழமாகவே இருக்கும்.

பழத்தில் உள்ளது என்ன?

கிவி நல்ல பழம் என்பதில் ஐயமில்லை. 100 கிராம் பச்சைக் கிவியில் ஏறத்தாழ 75 முதல் 90 மில்லிகிராம் வரை விற்றமின் சி உண்டு. தோடம்பழத்தில் உள்ளது 50 மில்லிகிராம் அளவே. கிவியில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவில் நார்ச்சத்தும், பொற்றாசியமும், விற்றமின் கே, ஈ என்பனவும் உள்ளன. நாளொன்றுக்கு இரண்டு பழம் உண்பது மலச்சிக்கலைக் குறைக்கின்றது என ஆய்வுகள் காட்டியுள்ளன. புரதத்தைக் கரைக்கும் ஒரு நொதியமும் அதில் உண்டு. இறைச்சி விரைவில் அவியப் பப்பாசிக் காயைச் சேர்க்கும் எமது வழக்கத்துக்குக் காரணமான நொதியமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வளர்ந்த ஒருவருக்கு நாளாந்தம் 45 மில்லிகிராம் விற்றமின் சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் தந்துள்ள அளவு. கர்ப்பிணிக்கு 55, பாலூட்டும் தாய்க்கு 70. ஒரு நடுத்தரக் கிவிப் பழம் வளர்ந்தவரின் ஒருநாள் தேவையை நிறைவு செய்துவிடும்.

இனி எமது வளவைப் பார்ப்போம். 100 கிராம் கொய்யாப் பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. நார்ச்சத்தும் 5 கிராம் அளவில் உள்ளது. நெல்லிக்காயும் விற்றமின் சியில் கொய்யாவுக்குக் குறைந்ததல்ல. கொட்டையை விற்றுவிட்டு நாம் நிலத்தில் எறியும் மரமுந்திரிகைப் பழம் தோடம்பழத்தைப் பல மடங்கு மிஞ்சும். பப்பாசிப் பழம் 60 மில்லிகிராம் அளவில் தருவதுடன், கண்ணுக்குத் தேவையான விற்றமின் ஏயை உடல் ஆக்கிக்கொள்ளவும் உதவும். சிறுவர் கல்லெறிந்து தின்னும் கொய்யாவை நாம் பழமாக மதிப்பதில்லை. மதிப்புக் குறைவு எமது எண்ணத்தில் உள்ளதேயன்றிப் பழத்தில் இல்லை.

உலர் உணவில் இல்லாதது

அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய் என்பன பசியை ஆற்றும். ஆனால் இவற்றில் விற்றமின் சி இல்லை என்றே சொல்லலாம். 1980களில் சோமாலியா, சூடான் நாடுகளில் எத்தியோப்பிய அகதிகள் தங்கியிருந்த முகாம்களில், மாதக் கணக்காக உலர் உணவை மாத்திரம் உண்டவர்களிடையே ஸ்கேவி நோய் பரவிற்று. முரசு வீங்கி இரத்தம் கசிதல், மூட்டு நோவு, புண் ஆறாமை என்பன அதன் அறிகுறிகள். பழைய காலத்துக் கப்பலோட்டிகளைக் கொன்ற நோய் இது. ஒரு பிடி புதிய பழமோ கீரையோ கிடைத்திருந்தால் அது வந்திராது.

எம் மத்தியில் இதைவிடப் பரவலாகக் காணப்படுவது இரத்தச் சோகை. முருங்கை இலை, கீரை, பருப்பு, பயறு ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் மரக்கறி உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. அதே சாப்பாட்டுடன் விற்றமின் சி சேர்ந்தால் உறிஞ்சும் அளவு கூடும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதனைக் குறைக்கும். எனவே பழத்தைச் சாப்பாட்டோடு உண்ணுங்கள். தேநீரை ஒரு மணி நேரம் பிந்திக் குடியுங்கள். இரும்பு மாத்திரை எடுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

விற்றமின் சி வெப்பத்தில் அழியும். வெட்டி நெடுநேரம் வைத்தாலும் குறையும். பழத்தை உண்ணும் வேளையிலேயே வெட்டுங்கள். சொதியையும் முருங்கை இலை வறையையும் அடுப்பால் இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடும் எமது வழக்கம் மிக நல்லது. பழப்புளி இந்த வேலையைச் செய்யாது. அதில் புளிப்பு உண்டு, விற்றமின் சி மிகச் சொற்பம்.

டெங்குக் காய்ச்சலைக் கிவிப் பழம் மாற்றும் என்று கூறுவோர் உளர். எந்தப் பழமும் டெங்குக்கு மருந்தல்ல. காய்ச்சல் நீடித்தால் பழம் தேடி அலையாது, மூன்றாம் நாளுக்குள் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் பொற்றாசியம் மிகுந்த கிவி, கொய்யா போன்றவற்றை வைத்தியரிடம் கேட்டே உண்ணவேண்டும். சில பிள்ளைகளுக்குக் கிவி ஒவ்வாது. வாய் கடித்தாலோ உதடு வீங்கினாலோ உடனே நிறுத்துங்கள். மூச்சு முட்டினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எங்கே நடுவது?

"இந்தக் காணியில் எத்தனை நாள் இருப்போமோ, மரம் வைத்து என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உள்ளனர். இழந்து வந்தவர்களின் கேள்வி அது. அதற்கு ஏற்றபடியே நடுவோம். சொந்தக் காணியில் இருப்போர் பதியம் வைத்த கொய்யாக் கன்றை நடலாம். அது இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் தரும். காய்கள் சிறிதாக இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடிக் கட்டினால் பழ ஈ அணுகாது. நிச்சயமற்ற இடத்தில் இருப்போர் பப்பாசியை நடலாம். ஓராண்டு அளவில் பழம் உண்ணலாம். கிணற்றடி நீர் அதற்குப் போதும், வேரடியில் நீர் தேங்கக் கூடாது. முருங்கைத் தடியை வேலியில் ஊன்றுங்கள்.

நிலமே இல்லாதவர்கள் பழைய வாளியிலோ சாக்கிலோ வல்லாரை வளர்க்கலாம். பயறை ஓரிரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி முளைக்க விட்டால், உலர்ந்த பயறில் இல்லாத விற்றமின் சி முளையில் உண்டாகும். தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கொய்யாவும் இம்மண்ணில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் வெப்ப நாடுகளே அதன் தாயகம். பப்பாசியும் மரமுந்திரிகையும் அவ்வாறே கடல் கடந்து வந்து இங்கு வேரூன்றியவை. கிவி கிடைத்தால் உண்ணுங்கள், அதற்காகக் கடன்படவேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு கன்று வாங்கி, வரும் மாரி மழைக்கு முன் குழி வெட்டி ஆயத்தம் செய்யுங்கள்.