படகுக்கும் ஒரு பங்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி வருகிறவர், கடப்பாக்கத்தைத் தாண்டி, ஒருபுறம் கழியும் மறுபுறம் உப்பளங்களுமாக விரிந்து கிடக்கும் மரக்காணம் பிரதேசத்தைக் கண்ட மாத்திரத்தில், இந்த நீர்ப்பரப்பில் நமக்கென்று ஒரு சிறு படகு இருந்தால் எத்தனை இன்பமாயிருக்கும் என்று ஆசைப்படுவது இயல்பே. சாலையோரத்தில் மனை வாங்கி ஓய்வு இல்லம் கட்டுவோர் பெருகிவரும் இக்காலத்தில் அந்த ஆசை மனத்தளவில் நின்றுவிடுவதில்லை. விலை விசாரிக்கும் வரையிலும் போகிறது. அப்படி விசாரிக்கிறவர்கள் படகு என்ன விலை என்று தவறாமல் கேட்கிறார்கள். அதை வைத்துக் காப்பாற்ற வருஷந்தோறும் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரே. கேட்க வேண்டிய இந்த இரண்டாவது கேள்விக்கு, இந்தக் கரையின் காற்றையும் நீரையும் வைத்தே விடை சொல்ல முயல்வது பயனுடையதாகும்.

படகு இந்தக் கரைக்குப் புதிதன்று. சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரும் பக்கத்திலுள்ள இடைக்கழி நாட்டினரே. 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தொடர்ந்து வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாய் தெற்கே இங்கு வந்துதான் முடிகிறது. இங்கு விளைந்த உப்பு ஒரு காலத்தில் அந்தக் கால்வாய் வழியே படகேறிச் சென்னைக்குப் போயிற்று. அந்தப் படகுகளுக்கும் பழுது இருந்தது. ஆனால் பழுதுக்குரிய பணத்தை அவை ஏற்றிச் சென்ற சரக்கின் கூலியே கொடுத்துவிட்டது. உல்லாசப் படகின் நிலை வேறு. அது சம்பாதிப்பதில்லை, சம்பாதிக்கும் ஒருவரின் கையை எதிர்பார்த்தே அது வாழ்கிறது. இந்த ஒரு பேதத்திலிருந்துதான் மற்றச் செலவுகளெல்லாம் தோன்றுகின்றன.

முதலில் வாங்கும் செலவைப் பார்ப்போம். மீன்பிடிப் படகை ஜீவனத்துக்குரிய கருவியாகவும், உல்லாசப் படகை ஆடம்பரப் பொருளாகவும் நமது வரிச் சட்டம் மதிக்கிறது. மீன்பிடிப் படகுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. கேளிக்கைக்கும் விளையாட்டுக்கும் உரிய படகுகளுக்கோ 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. ஒரே மாதிரி ஃபைபர் உடலாயினும், பயன் மாறினால் வரியும் இவ்வாறு மாறிவிடுகிறது. மீனவர் படகுகளுக்கு அரசு அளிக்கும் வரிவிலக்கு டீசலும் மானிய மண்ணெண்ணெயும் உல்லாசப் படகுக்குக் கிடையா. இவற்றின்மேல் பதிவு, காப்பீடு, ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்புச் சட்டை, நங்கூரம், கயிறு, அவசரத்துக்குத் துடுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்ட பின்னரே படகு நீரில் இறங்கத் தகுதி பெறுகிறது.

இறங்கிய நாளிலிருந்து உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கடல் நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் உலர்ந்தால் உப்பு மட்டும் போல்ட்டின் மரையிலும், கம்பி இணைப்பிலும், எஞ்சினின் உள்ளே நீர் ஓடும் குழாயிலும் தங்கிப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சமையல் உப்பு அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சிக் கரையும் என்பது இரசாயன சாஸ்திரம் அறிந்த உண்மை. மரக்காணத்துக் கரையில் அந்த அளவு ஈரம் இல்லாத இரவு அரிது. ஆகவே பகலில் காய்ந்து வெண்பொடியாய்த் தோன்றும் உப்பு, இரவில் யாரும் தொடாமலே உப்புநீராகி உலோகத்தை அரிக்கிறது. உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் வெயிலும் கடற்காற்றும் எவையோ, அவையே படகின் இரும்பைத் துருவாக்கவும் அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக உதிர்க்கவும் சகாயம் செய்கின்றன.

இதனால் ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் எஞ்சினைக் கழுவுவது தள்ளிப்போட முடியாத கடமை. எஞ்சினின் அடிப்பகுதி முழுவதும் மூழ்கும்படி ஒரு பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, பத்து நிமிஷம் எஞ்சினை மெதுவாக ஓட விடுவார்கள். குளிர்விக்கும் நீர் பக்கத்துத் துளை வழியே தாரையாக வெளிவரும். அந்தத் தாரை மெலிந்தால், உள்ளிருந்து நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது அல்லது உப்பு வழியை அடைத்துவிட்டது என்று அநுபவசாலி உடனே கண்டுகொள்வார். கண்டும் சும்மா இருப்பவரின் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகி நின்றுவிடும்; சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரமாகிவிடும். எஞ்சினின் அடியில் திருகி வைத்திருக்கும் துத்தநாகக் கட்டி, எஞ்சினுக்குப் பதிலாகத் தானே அரிபட்டுத் தேய்வதற்கென்றே அமைந்தது. பாதி கரைந்ததும் அதை மாற்றிவிட வேண்டும். 100 மணி ஓட்டத்துக்கு ஒரு முறையோ வருஷத்துக்கு ஒரு முறையோ, எது முந்துகிறதோ அப்போது, கியர் எண்ணெய், ஸ்பார்க் பிளக், எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றைப் பார்ப்பது பொது வழக்கம். இந்த உவர் நிலத்தில் டிரம்மை நிரப்பும் நல்ல தண்ணீரும் சுலபமாகக் கிடைப்பதன்று என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கு எளியது. பெட்ரோலில் ஓடும் சாதாரண வெளிப்புற எஞ்சின், முழு வேகத்தில், குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு ஒரு லிட்டரில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குடிக்கும். 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர். 40 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும் காலத்தில் பிந்தியதற்கு மணிக்கு 1,500 ரூபாய். டூ ஸ்ட்ரோக் எஞ்சினானால் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்ற கணக்கில் 300 மில்லி எண்ணெயும் சேரும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். கழியின் அழகைக் காண வந்தவருக்கு அதுவே போதுமான வேகம். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், வனத்துறை அனுமதியின்றி அங்கே படகு செலுத்த இடமில்லை என்பதையும் நினைவூட்டுவது என் கடமை.

நிறுத்தும் இடத்துக்கும் செலவுண்டு. மரக்காணத்தை ஒட்டிய மீனவக் கிராமங்களில் படகை மணலில் ஏற்றி வைப்பதே வழக்கம். அதற்குப் பலருடைய தோள் வேண்டும், அல்லது டிராக்டர் வாடகை வேண்டும். ஏற்றாமல் கழியிலேயே மிதக்க விட்டாலோ, சில வாரங்களில் அடிப்பாகத்தில் பாசியும், அதன்மேல் கொட்டலசு என்னும் ஓட்டுயிரும் பற்றிக்கொள்ளும். சொரசொரப்பான அடியோடு ஓடும் படகு வேகம் இழந்து எரிபொருளை அதிகமாக விழுங்கும். சுரண்டுவதும், அவை ஒட்டாதபடி தடுக்கும் வர்ணம் பூசுவதும் மறுபடியும் செலவு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். 2011 டிசம்பரில் ‘தானே’ புயலும் 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயலும் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்ததை இப்பகுதியார் மறக்கவில்லை. அந்த மூன்று மாதமும் படகு மேட்டில், கட்டப்பட்டு, மூடப்பட்டு இருக்க வேண்டும். நகரத்தில் வசிக்கும் உரிமையாளருக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதச் சம்பளமும் வேண்டும்.

ஓட்டாமல் வைத்தால் செலவில்லை என்று எண்ணுவது பெரும் பிரமை. டாங்கியில் மிஞ்சிய பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை ஈர்த்து, நாளடைவில் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நின்று கார்புரேட்டரைக் கெடுக்கும். பாட்டரி வலுவிழக்கும்; தாங்கிகள் இறுகும்; எலி கம்பியைக் கடிக்கும். மாதம் ஒரு முறை ஓடும் படகைவிட, வருஷம் ஒரு முறை ஓடும் படகே உரிமையாளரை அதிகம் துன்புறுத்தும்.

இத்தகைய பாரத்தை மீனவர்கள் எவ்வாறு சுமக்கிறார்கள் என்று கவனித்தால் நமக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். பிடித்த மீனை விற்றதும் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு வைக்கும்போது, கடலுக்குப் போன ஆட்களுக்கு மட்டுமன்றி, படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியே பங்கு ஒதுக்குவது இக்கரையின் நெடுநாளைய வழக்கம். இன்று பழுதில்லை என்பதற்காகப் படகின் பங்கை யாரும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதில்லை. நாளைய பழுதுக்கு இன்றைய வருவாயே பொறுப்பு என்ற தெளிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது.

உல்லாசப் படகை நாடுகிறவரும் இந்தத் தர்மத்தையே மேற்கொள்ள வேண்டும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது மேல்நாட்டுப் படகுக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. உப்பும் வெயிலும் கூடிய நமது கரையில் அதைக் குறைந்தபட்சமாகக் கொள்வதே விவேகம். அந்தத் தொகையை ஒருவராக ஒதுக்க இயலாதவர் நாலைந்து நண்பர்களோடு கூட்டாக வாங்கட்டும். சென்னைத் துறைமுகத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் தொடங்கிவைத்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற சங்கங்கள் நிலைத்து நிற்பதும் பலர் கூடிப் பாரத்தைச் சுமப்பதனாலேயே. வருஷத்தில் சில நாள் மட்டும் நீரில் இருக்க விரும்புகிறவர், சாலையில் சற்று வடக்கே முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் படகுக் குழாமில் கட்டணம் செலுத்திப் போய்வந்தால் போதும்; உப்போடு போராடும் வேலை அவருக்கு இல்லை. சொந்தப் படகுதான் வேண்டும் என்று உறுதி கொண்டவர், விலையைத் திரட்டும்போதே அடுத்த மூன்று வருஷத்துக்குரிய படகின் பங்கையும் திரட்டி வைத்துக்கொண்டு வாங்கட்டும். இரண்டையும் சேர்த்துத் திரட்ட முடியாதென்றால், அவருக்கு அந்தப் படகின் விலை இன்னும் எட்டவில்லை என்றே பொருள்.