இரட்டைக் கருவும் ஹார்மோன் மருந்தும்

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குச் செல்லும் ரயில் சாம்பியன் நிலையத்தில் நிற்கும்பொழுது, நிறைமாதக் கர்ப்பிணிகள் பையும் கையுமாய் ஏறுவதை நாம் கண்டதுண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்து சாம்பியன் ரீப்ஸ் வாசிகளில் பலர் பிழைப்புக்குப் பெங்களூரை நம்பியிருக்கின்றனர். கர்ப்பகாலச் சிகிச்சை ஓர் ஊரில். பிரசவம் தாய்வீடு உள்ள வேலூரிலோ திருப்பத்தூரிலோ. பிள்ளை வளர்வது மூன்றாவதோர் ஊரில். இவ்வாறு ஊர் மாறும் குடும்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

இரட்டைக் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவை 37 வாரம் நிறையுமுன்னரே பிறந்துவிடுகின்றன. கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் ஹார்மோன் புரொஜெஸ்டரோன். ஆகவே அதனை மருந்தாகக் கொடுத்தால் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கலாம் என மருத்துவர்கள் எதிர்பார்த்தது இயல்பே. பிரிட்டனில் இரட்டைக் கரு தாங்கிய 500 தாய்மாரிடம் இதனைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். டென்மார்க்கிலும் ஆஸ்திரியாவிலுமாக 677 தாய்மாரிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வந்தது. இரண்டிலும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. எனினும் ஸ்கேனில் கருப்பை வாய் 25 மில்லிமீட்டருக்கும் குட்டையாகத் தெரியும் தாய்க்கு இம்மருந்து உதவக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆதலின், மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. எதற்காகத் தருகிறீர்கள் என்று கேட்பதில் குற்றமில்லை.

தாயின் வயிற்றில் இருந்தபோதே மருந்து சேர்ந்த அப்பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன ஆயினர்? ஸ்காட்லாந்துக் குழந்தைகளைச் சில ஆண்டுகளும், டென்மார்க்குக் குழந்தைகளை 8 வயது வரையிலும் தொடர்ந்து ஆராய்ந்தனர். மருந்து பெறாத தாய்மாரின் பிள்ளைகளைக் காட்டிலும் இவர்களுக்குத் தீங்கு மிகுதி எனக் காணவில்லை. பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தியே.

ஆனால் 8 வயதோடு நின்றுவிடலாமா என்றால், ஆகாது என்கிறது பழைய அனுபவம். 1938இல் செய்யப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்குமென நம்பி அமெரிக்காவில் ஏராளமான கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டது. அதனால் பயனில்லை என்று 1953இலேயே சிகாகோவில் நடந்த சோதனை காட்டியும் வழக்கம் ஓயவில்லை; நம்பிக்கை ஊன்றிவிட்டால் சான்று வந்தும் அசைவதில்லை போலும்! 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு வரக்கூடாத அரியதொரு புற்றுநோய் 8 பேரிடம் தோன்றியதை ஆராய்ந்தனர். அவர்களுள் 7 பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் அம்மருந்தை உட்கொண்டவர்கள். பிறந்தபோது அப்பெண்கள் நலமாகவே இருந்தனர். தீங்கு வெளிப்பட ஏறத்தாழ இருபதாண்டு ஆயிற்று. இச்செய்தி பரவியபின், தாங்கள் எந்த மருந்தை உண்டோம் என்பதே பல தாய்மாருக்கு நினைவில் இல்லை.

புரொஜெஸ்டரோன் உடலிலேயே ஊறும் பொருள். அதனை டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலோடு ஒன்றாக எண்ணுவது பிழை. ஆயினும் பெயர் ஒத்த வேறு மருந்துகளும் உள. வாரந்தோறும் ஊசியாகப் போடப்படும் ஹைட்ராக்ஸிபுரொஜெஸ்டரோன் காப்ரோயேட் அவற்றுள் ஒன்று; அது செயற்கையாக மாற்றப்பட்டது. 1959 முதல் 1967 வரை கலிபோர்னியாவில் கருவுற்றவர்களின் மக்களை ஆராய்ந்தபோது, கருவுற்ற தொடக்க மாதங்களில் இவ்வூசி பெற்ற தாய்மாரின் மக்களிடம் பிற்காலத்தில் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. ஊசி பெற்றவர்கள் சிலரே. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாகச் சான்று நிலைக்காததால், அமெரிக்க அரசு 2023இல் இதற்கு அளித்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

இதனாலேயே மருந்தின் முழுப்பெயரும் அளவும், எந்த வாரத்தில் தொடங்கி எந்த வாரத்தில் நிறுத்தினர் என்பதும் குறிப்பாக இருத்தல் வேண்டும். கர்நாடகத்தில் தரப்படும் தாயி அட்டை கன்னடத்தில் உள்ளது. வேலூரில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கு அது புரியாமற்போகலாம். மருந்துப் பெட்டியின் மேலட்டையையே கத்தரித்துத் தேதியிட்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடு ஓர் உறையில் வைத்துவிடலாம். அவர்கள் வளர்ந்தபின் அவ்வுறையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.