கருவுற்றால் குறையும் மூட்டுவலி

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன்னரே பெண்கள் மொக்குப் பறிக்க இறங்கிவிடுவார்கள். மலருமுன் பூக்கள் சந்தை சேர வேண்டுமல்லவா? இவ்வேலைக்கு முதலில் வேண்டியவை வளைந்து கொடுக்கும் விரல்கள். அந்த விரல்களையே தேடித் தாக்கும் நோய் ஒன்று உண்டு, அதுதான் முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் மரக்கட்டைபோல் விறைத்திருக்கும். விறைப்பு நீங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் வழிதவறி, சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது இந்நோய். சவ்வு தடித்து வீங்கும். நாளடைவில் எலும்பையும் அரிக்கும். ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் ஒரு விந்தையைக் கண்டார். முடக்குவாதம் உள்ள பெண்கள் கருவுற்றதும் பலருக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. பிள்ளை பிறந்த சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. இதை அவர் 1938-இல் வெளியிட்டார். பெண் ஹார்மோனின் வேலை என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? ஹென்ச் அப்படி அவசரப்படவில்லை. மஞ்சள் காமாலை கண்டபோதும் இதே நிவாரணம் கிடைத்ததே, அதுவும் ஆண்களுக்கும்! ஆகவே இரு பாலாருக்கும் பொதுவான பொருள் ஒன்றைத் தேடினார். அட்ரினல் சுரப்பியிலிருந்து எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த கார்ட்டிசோனை 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்குச் செலுத்தினார். அசையவே முடியாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் நெடுநாள் கொடுத்தால் முகம் உப்பும், எலும்பு நலியும் என்பது பிறகு புரிந்தது.

அப்படியானால் பால் ஹார்மோன்களுக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஹார்மோன் ஒரு சாவி என்றால், அது பொருந்தும் பூட்டு வெள்ளணுக்களிலும் இருக்கிறது. (திண்டுக்கல்காரருக்குப் பூட்டைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!) ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவில் எதிர்ப்பொருள் உற்பத்தியைத் தூண்டக்கூடும், கருக்காலத்தைப்போல் மிகுந்த அளவில் அழற்சியை அடக்கக்கூடும். ஆண் ஹார்மோன்கள் பொதுவாக அழற்சியைத் தணிப்பவை. அவை பெண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. வீங்கிய மூட்டிலோ, அரோமட்டேஸ் என்னும் நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அழற்சிப் பொருள்கள் அந்த நொதியையே முடுக்கிவிடுகின்றன! ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்தும் பார்த்தார்கள். நம்பத்தக்க பலன் கிட்டவில்லை. "எல்லாம் பெண் ஹார்மோனால்" என்று ஒரே வரியில் முடிப்பவர்களை நம்பாதீர்கள்.

பிள்ளை பெற்றதும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் இரண்டும் சில நாட்களிலேயே சரிந்துவிடும். அடுத்த சில மாதங்களில்தான் பழைய நோய் சீறுகிறது. புதிதாகத் தொடங்குவதும் உண்டு. நம் வீடுகளில் அதை "பச்சை உடம்பு, வாயுப் பிடிப்பு" என்று தைலம் தடவி விட்டுவிடுகிறார்கள். உங்கள் அக்காவோ சித்தியோ குழந்தையைத் தூக்க முடியாமல், இரு கைகளின் சிறு மூட்டுகளும் வாரக்கணக்கில் வீங்கியிருக்கத் தவித்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களில் மருத்துவம் தொடங்கினால் எலும்பு அரிக்குமுன் நோயைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். இதற்கு மிகுதியாகத் தரப்படும் மெதொட்ரெக்சேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யும். ஆதலால் மீண்டும் கருவுற விரும்புபவர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.