ஊர் நிலைக்குமா? அளந்து பார்ப்போம்!



ஒரு ஊர் முன்னேறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மாடி வீடு, பைக், புதுசா வந்த பேக்கரி, வாசல் வரைக்கும் வரும் கம்பெனி பஸ். இதெல்லாம் இந்த வருஷத்து வரவு. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அங்கே ஜனங்கள் குடியிருக்க முடியுமா என்று தெரிய வேண்டுமானால் கையிருப்பைப் பார்க்க வேண்டும். பேங்க் கையிருப்பைச் சொல்லவில்லை. கிணற்றுக் கையிருப்பு!

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் ஏற்றுமதியில் உலகப் பேர் வாங்கிய ஊர். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பைப் பிடிக்காது. அது கழிவோடு நொய்யல் ஆற்றுக்குப் போனது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிறம் குறைந்தது. ஆனால் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாதே! 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுதான் தேங்கியது. யாருக்காக அணை கட்டினார்களோ அந்த விவசாயிகளே "இந்தத் தண்ணி எங்களுக்கு வேண்டாம்" என்றார்கள். வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. கிணறு கெட்டதில் கஷ்டப்பட்டவனும் உழைப்பாளி, பட்டறை மூடியதில் வேலை போனவனும் உழைப்பாளி.

பிறகு பட்டறைகள் உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறின. நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிய உப்பு சீக்கிரம் போவதில்லை.

சரி, எப்படி அளப்பது? முதல் கணக்கு சுலபம். ஒரு பிர்க்காவில் வருஷத்துக்கு எடுக்கிற நிலத்தடி நீரை, எடுக்கத் தகுந்த நீரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கில் 70 சதவீதம் வரை பாதுகாப்பு, 90-க்கு மேல் அபாயம், 100-க்கு மேல் அதிநுகர்வு. நூறுக்கு மேல் எப்படிப் போகும் என்கிறீர்களா? போகும். தாத்தா காலத்தில் பெய்து உள்ளே இறங்கிய மழையையும் சேர்த்து உறிஞ்சினால் போகும்!

இரண்டாவது டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள். வடிகட்டிய தண்ணீர் 100 மில்லியை, முன்பே எடை போட்ட பீங்கான் கிண்ணத்தில் ஆவியாக்கி, 180 டிகிரியில் உலர்த்தி, ஆறவிட்டு மறுபடி எடை போட வேண்டும். எடை 0.05 கிராம் கூடினால் லிட்டருக்கு 500 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு இதுதான். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் லேப் பக்கம் போனதில்லை. ஆனால் அம்மா, "இந்தத் தண்ணில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது" என்று ஒரே நாளில் சொல்லிவிடுவார். கடினத்தன்மைச் சோதனை என்று நாம் படிப்பது அதைத்தான்!

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஊர் குடிக்கிற தண்ணீரில் ஊருக்குள்ளேயே கிடைப்பது எவ்வளவு? திருப்பூர்ப் பகுதிக்குக் காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். குழாயில் வருகிறது, அதனால் கிணற்றை எட்டிப் பார்க்க ஆளில்லை.

ஒரே ஒரு தடவை அளந்தால் ஒன்றும் தெரியாது. கோடை முற்றிய மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை, அதே கிணற்றில் நீர்மட்டத்தையும் டி.டி.எஸ். அளவையும் எடுத்து நோட்டில் தேதியோடு குறிக்க வேண்டும். மூன்று வருஷ டிப்ளமோ முடிவதற்குள் ஆறு அளவுகள் சேர்ந்துவிடும். கேனை முதலில் அதே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடியுங்கள்.