கியர் இல்லாத பந்தயம்

அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். சின்னவர்களில் மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. மற்ற இரு பிரிவுகளில் 20, 15. அண்மை ஆண்டுகளில் முதல் மூன்று பரிசுகள் 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதுதான் ஆண்டின் பெரிய சைக்கிள் பந்தயம். இது முடிந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதோடு அந்த ஆண்டின் பந்தயப் பேச்சும் அடங்கிவிடும்.

இந்தப் போட்டியின் அறிவிப்பில் ஆண்டுதோறும் வரும் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். சைக்கிள் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண கைப்பிடி உள்ளதாக இருக்க வேண்டும். கியர் வைத்த வண்டி, ரேஸ் வண்டி கூடாது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தால் போதும், போட்டியில் நிற்கலாம். லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவைத் திறந்து வைக்கும் விதி இது. சைக்கிள் என்ற இயந்திரத்தைப் புரிந்துகொள்வதற்கும் இதைவிட நல்ல பந்தயம் கிடைக்காது. இந்த வண்டியை ஓடவைக்கும் பாகங்கள் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கின்றன. ஒரு முன்பல்சக்கரம், ஒரு பிரீவீல், நடுவில் ஒரு செயின்.

அந்த இரண்டு பல்சக்கரங்களிலிருந்தே தொடங்குவோம். நம் ஊர் 28 இஞ்ச் சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் இருக்கும். பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 2.4 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் ஓடும். 20 கிலோமீட்டர் பந்தயத்துக்கு ஏறக்குறைய 3,700 சுற்று மிதிக்க வேண்டும். நிமிடத்துக்கு 90 சுற்று என்று விடாமல் மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் கால்தான் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். இந்த வண்டியில் வேறு வழி கிடையாது.

சைக்கிள் கடையில் பிரீவீலை மாற்றி 16 பல் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். போட்டால் ஒரு சுற்றுக்கு 6 மீட்டர் கிடைக்கும். ஆனால் எதிர்க்காற்று அடிக்கும்போதும், மேம்பாலம் ஏறும்போதும், நின்று கிளம்பும்போதும் அதே 16 பல்லைத்தான் மிதித்தாக வேண்டும். கடினமாக மிதித்து மெதுவாகச் சுழலும் கால், இலேசாக மிதித்து வேகமாகச் சுழலும் காலைவிடச் சீக்கிரம் ஓய்ந்துபோகும். 13 வயதுப் பிள்ளைக்குக் கடையிலிருந்து வந்த 18 பல்லே நல்லது என்பது என் கருத்து.

ஒற்றைப் பல்சக்கரத்தை வைத்துக்கொண்டா உண்மையான பந்தயம் ஓட்டுவது என்று கேட்பவர்கள் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1903-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், ஓடும்போதே செயினைப் பல் மாற்றும் கியரை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை ஆல்ப்ஸ் மலை ஏறியவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறம் திருப்பி மாட்டினார்கள். சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு அளவில் பல்சக்கரம் இருக்கும்; ஒன்று சமதளத்துக்கு, ஒன்று ஏற்றத்துக்கு. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளை விட்டுவிட்டால் விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளி. ஒற்றைப் பல்சக்கரத்துக்கு ஏற்ற நாடு.

சமவெளியில் மலை இல்லை என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே மலைக்குப் பதில் காற்று நிற்கிறது. 45 கிலோ எடையுள்ள பிள்ளை, 20 கிலோ சைக்கிள், சமமான தார்ச்சாலை, காற்றில்லாத நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், டயர் தரையில் உருள்வதற்குச் சுமார் 20 வாட் செலவாகும். முன்னால் இருக்கும் காற்றை விலக்கவும் ஏறத்தாழ அதே அளவுதான். வேகத்தை 30 ஆக்கினால் டயரின் செலவு இருமடங்காகி 40 வாட்டில் நிற்கும். காற்றின் செலவு எட்டு மடங்காகி 160 வாட்டை எட்டிவிடும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடைவிசை நான்கு மடங்கு. அந்த விசையை இருமடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போவதால் திறன் எட்டு மடங்கு. பள்ளிக்கூடத்துக்கு நிதானமாகப் போகும்போது உறைக்காத காற்று, பந்தயத்தில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது இதனால்தான். நிமிர்ந்து உட்காரும் சாதாரண கைப்பிடியில் நெஞ்சு முழுவதும் காற்றுக்கு முன்னால் விரிந்து நிற்கிறது. முழங்கையை மடித்து, தோளைத் தாழ்த்தி ஓட்டுகிற பிள்ளை காசு செலவில்லாமல் கொஞ்சம் வேகத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது.

மொத்தம் 200 வாட். அதைத் தனியாக 40 நிமிடம் கொடுத்துக்கொண்டே இருக்க 45 கிலோ உடம்பில் மிகச் சிலரால்தான் முடியும். ஆகவே அடுத்தவர் முதுகு தேவைப்படுகிறது. முன்னால் போகும் சைக்கிள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. ஒரு சக்கர இடைவெளிக்குள் அதில் ஒட்டிக்கொண்டால் காற்றின் தடை கால்பங்குக்கும் மேல் குறையும். பெரிய கூட்டத்தின் நடுவில் இது நம்ப முடியாத அளவுக்குப் போகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் நல்ல இடத்தில் இருப்பவர் மீது படும் தடை, தனியாக ஓட்டுபவர் மீது படுவதில் 5 முதல் 10 விழுக்காடுதான்.

பள்ளிப் பந்தயங்களில் இந்த அறிவு வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். கொடி அசைந்ததும் முதல் கிலோமீட்டரில் ஒருவன் தம் கட்டிக்கொண்டு பறப்பான். அவன் பின்னால் நான்கு பேர் காற்றுப்படாமல் வருவார்கள். பாதி தூரத்தில் அவன் கால் ஓய்ந்துவிடும், பின்னால் வந்தவர்கள் கடந்து போவார்கள். அவனைவிட அவர்கள் பலசாலிகள் என்று சொல்ல முடியாது. முன்னால் நிற்கும் வேலையை முறைவைத்து மாற்றிக்கொண்டால் அந்த ஐந்து பேருமே முன்னதாக வந்து சேர்ந்திருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பின்னால் வருபவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து உரசினால், விழுவது பின்னால் வருபவர்தான். அவரால் அந்த நொடியில் ஹேண்டிலைத் திருப்ப முடியாது. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது இதே அறிவியல்தான், ஆனால் உயிரைப் பணயம் வைக்கிற வேலை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரியின் பின்னால் அப்படிப் போகும் பிள்ளைகளை யாராவது நிறுத்திச் சொல்ல வேண்டும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் கணக்கில் சேரும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 10 கிலோமீட்டர் காற்று வீசினால் தடைவிசை ஏறக்குறைய இருமடங்காகிவிடும். அதே காற்று முதுகில் வீசினால் விசை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறையும். போய்த் திரும்பும் பாதை என்றால் இரண்டும் கழிந்து சமமாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தப் பாதியில் அதிக நேரம் கழிகிறது. எதிர்க்காற்றுப் பாதியில் பலத்தைச் செலவிட்டு, திரும்பும்போது மூச்சு வாங்கிக்கொள்கிறவர் நேரத்தை மிச்சப்படுத்துவார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலை கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஏறக்குறைய தெற்கும் தென்மேற்குமாக இறங்கி வருகிறது. செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓயாத நாட்களில் விழுப்புரம் நோக்கி மிதிப்பவருக்குக் காற்று முகத்தில் அடிக்கும். அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குக் காற்று திரும்பியதும் திண்டிவனம் போகிறவர் முகத்துக்கு மாறிவிடும். கடற்காற்று வேறு பிற்பகலில் கிழக்கிலிருந்து உள்ளே வரும். பந்தயங்களைக் காலையிலேயே தொடங்குவதில் வெயிலுக்கு அப்பால் இந்த நியாயமும் இருக்கிறது. அந்நேரத்தில் காற்று அதிகம் எழுந்திருக்காது.

சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வரும் நீண்டதூர ஓட்டிகளுக்கும் அக்டோபர்தான் கணக்கு முடிக்கும் மாதம். பிரான்சில் வகுத்த விதிப்படி நடக்கும் ‘பிரவே’ ஓட்டங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. நவம்பர் 1-இல் தொடங்கி அக்டோபர் 31-இல் முடியும் ஓராண்டுக்குள் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவருக்கு ‘சூப்பர் ரான்டனர்’ என்ற பட்டம். ஐரோப்பாவிலும் பெரிய பந்தயங்களில் கடைசியானது, 1905-இலிருந்து நடக்கும் இத்தாலியின் லொம்பார்டியா பந்தயம், அக்டோபரில்தான். அங்கே இலை உதிரும் காலம், இங்கே மழை.

மழை வந்தால் சாதாரண சைக்கிளில் முதலில் கைவிடுவது பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க மிக அதிகத் தூரம் பிடிக்கும். அடுத்து செயின். துடைத்து எண்ணெய் போட்ட செயின் நாம் கொடுக்கும் சக்தியில் சில விழுக்காட்டைத்தான் விழுங்கும். துருவும் மண்ணும் ஏறிவிட்டால் அது கூடிக்கொண்டே போகும், பல்லும் தேயும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு அச்சில் நடக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டி மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. அப்படி வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிளை வெயிலில் காயவைத்து ஓட்டத் தொடங்கினால் சில மாதங்களில் சக்கரம் கரகரக்கும். நீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துப் பால்ரஸ் குண்டுகளில் துருவை ஏற்றியிருக்கும். ஓவராயில் செய்யும்போது கடைக்காரர் பின்சக்கர அச்சைக் கழற்றினால், பக்கத்துக்கு ஒன்பது வீதம் கால் இஞ்ச் குண்டுகள் வெளியே வரும். நல்ல குண்டு கண்ணாடிபோல மின்னும். கெட்டதில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள் தெரியும். ஒன்று கெட்டிருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுவதே முறை, ஏனென்றால் தேயாத புதுக் குண்டு தேய்ந்த மற்றவற்றின் சுமையையும் தாங்க வேண்டிவரும். மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் தடவி, குண்டுகளைப் பதித்து, அவற்றை இருத்திப் பிடிக்கும் கோனை இறுக்குவார். இங்கேதான் கைப்பழக்கம் வேண்டும். அதிகம் இறுக்கினால் சக்கரம் பிடிக்கும், தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். சரியாக அமைந்ததா என்று பார்க்க வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை மெல்லத் தள்ளிவிடுவார். வால்வு உள்ள பக்கம் கனம் சற்று அதிகம் என்பதால் சக்கரம் வேகம் குறைந்து, முன்னும் பின்னும் ஊசலாடி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். ஊசலாடாமல் சட்டென்று நின்றால் கோனை மீண்டும் தளர்த்துவார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் இதைச் செய்வதைவிட மழை முடிந்த தை மாதத்தில் செய்துவிடுவது நல்லது. அப்போது பொங்கல் விளையாட்டு வந்துவிடும். பல ஊர்களில் அன்று நடப்பது மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி, கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குப் பரிசு. வேகமாக ஓடும் சைக்கிள் சாயத் தொடங்கினால் சாயும் பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்பி வண்டியை நிமிர்த்திவிடுகிறது. சுழலும் சக்கரத்தின் விளைவுதான் இதற்கு முழுக் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். அந்த விளைவை நீக்கிய ஒரு சைக்கிளும் தானே நிமிர்ந்து ஓடும் என்று அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் 2011-இல் செய்து காட்டினார்கள். மெதுவாகப் போகும்போது அந்த உதவி கிடைக்காது. ஒவ்வொரு சாய்வையும் ஓட்டுபவர் தன் கையால், நொடிக்கு நொடி ஹேண்டிலைத் திருப்பிச் சரிசெய்தாக வேண்டும். அந்தப் போட்டியில் ஓட்டுபவரின் கை நடுங்குவதுபோல் தெரிவது அதனால்தான். கோன் அதிகம் இறுக்கிய சக்கரமும் துருப்பிடித்த ஹேண்டில் பால்ரஸும் அங்கே ஐந்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.