குழல்விளக்கில் ஓர் அறிவியல் பாடம்

திண்மம், திரவம், வாயு என்பன பள்ளியில் பயிலும் மூன்று நிலைகள். வாயுவினூடே மின்சாரம் பாயும்போது அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. அந்நான்காம் நிலையே பிளாஸ்மா. குஜராத்தில், காந்திநகருக்கு அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில், அதனைக் காந்தப் புலத்தால் சிறைப்படுத்தும் 'ஆதித்யா' என்னும் பொறி 1989-ல் இயங்கத் தொடங்கிற்று.

இத்தகைய பொறியைக் கண்டு மாணவர் வியந்தால் மட்டும் போதாது. அவ்வியப்பு வகுப்புப் பாடத்தோடு இணைதல் வேண்டும். அதற்குப் பழைய பாதரசக் குழல்விளக்கு ஒன்றே போதும். அது எரியும்போது உள்ளே எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரியை எட்டுகிறது. கண்ணாடியோ கையைச் சுடுவதில்லை. ஏன்? உள்ளிருக்கும் வாயு மிகவும் அடர்த்தி குறைந்தது. ஆகவே அவை தாங்கும் வெப்பமும் சிறிதே. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்னும் பாடம் இங்கே தெளிவாகிறது.

நேயர்களே, பிறமொழியில் இப்பாடத்தைப் பயிலும் உங்கள் பிள்ளைகளிடம் அந்த 'ஏன்' என்னும் வினாவைத் தமிழில் கேட்டுப் பாருங்கள்.